ஐந்தாம் தந்தியின் நட்டு

அழுகையா, விசிலா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு சத்தம். எனக்கு அப்போது பத்துப் பதினொரு வயது இருக்கும். சனிக்கிழமை சாயங்காலங்களில் ரயில்வேக்காரர்களின் கிளப்பான ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் டான்ஸ் நடக்கும். எங்கள் வீட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு சுவர், சில வேப்பமரங்கள், அவ்வளவுதான். அப்பா ஜெபத்துக்கு உட்காரச் சொல்வார். கண்ணை மூடினால் காது திறந்துகொள்ளும். இரண்டு சுரங்கள் சேர்ந்து புறப்படும். ஒன்று அப்படியே நிற்கும். இன்னொன்று கீழேயிருந்து மெல்ல நழுவி அதை நோக்கி ஏறும். தொடாது. தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிடும். நான் ஆமென் சொல்ல மறந்து அப்பாவிடம் குட்டு வாங்கியிருக்கிறேன்.

உட்காருங்கள் தம்பி. உங்கள் வீட்டம்மா மாடி போர்ஷனைப் பார்த்துவிட்டு வரட்டும். என் வீட்டில் வேலை பார்க்கிற துளசிமணி கூடப் போயிருக்கிறாள். தண்ணீர்த் தொட்டியில் தொடங்கி துணி காயப்போடும் கம்பி வரைக்கும் காட்டாமல் அவள் கீழே இறக்கமாட்டாள். நீங்கள் உள்ளே வந்ததும் மூலையில் நிற்கிற அதைப் பார்த்து இஸ்திரி மேசையா என்று கேட்டீர்களே, அதனால்தான் இதைச் சொல்ல ஆரம்பித்தேன். பரவாயில்லை. போன வாரம் வந்தவர் தையல் மெஷின் என்றார். பால்காரர் அது ஏதோ பிசியோதெரபிக்கு என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

குடிவருகிறவர்களிடம் நான் எதையும் மறைப்பதில்லை. இந்த வீட்டில் மூன்று குறைகள். தண்ணீர் உப்பு. போத்தனூர் ஜங்ஷன் பக்கம், ரயில் சத்தம் உண்டு. மூன்றாவது நான். உங்களுக்கு முன்னால் இருந்த குடும்பம் ஸ்கூல் தூரம் என்று சொல்லிவிட்டுக் காலி செய்தது. ஸ்கூல் நம் தெருமுனையில் இருக்கிறது.

அது பெடல் ஸ்டீல் கிட்டார். கிட்டார் என்றால் மடியில் வைத்துக்கொள்வது என்றுதானே நினைப்போம். இது தன் காலில் நிற்கும், நாம்தான் அதன் முன்னால் அடக்கமாக உட்கார வேண்டும். பத்துத் தந்தி. இடது கையில் ஓர் எஃகு உருளை, அதைத் தந்திகளின் மேல் வைத்து நகர்த்த வேண்டும். வலது கை விரல்களில் உறை மாட்டிக்கொண்டு மீட்ட வேண்டும். வலது கால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க. இடது காலுக்கு மூன்று பெடல். முழங்கால் மட்டும் ஏன் சும்மா இருக்க வேண்டும் என்று அதற்கும் பக்கவாட்டில் லிவர்கள். உடம்பில் சும்மா இருக்க வேண்டியது வாய் ஒன்றுதான். அதனால்தான் இது எனக்கு வரவில்லை என்பாள் துளசிமணி.

ஒரு பெடலை மிதித்தால் அடியில் ஒரு நீளமான ராடு இழுபடும். அது குறிப்பிட்ட ஒரு தந்தியை மட்டும் இறுக்கும். மற்றவை இருந்த இடத்தில் இருக்கும். எந்தப் பெடல் எந்தத் தந்தியை எவ்வளவு ஏற்ற வேண்டும், எந்த லிவர் எதை இறக்க வேண்டும், இதை முதலில் அமைத்துவிட வேண்டும். அமைப்பு சரியாக இருந்தால்தான் அந்தப் பழைய கன்ட்ரி பாட்டுகளில் பாடகர் மூச்சு வாங்குகிற இடத்தில் வருகிற துணுக்குகளை வாசிக்க முடியும். நான் சின்ன வயதில் கேட்ட அந்தச் சத்தம் நான்காம் தந்தியும் ஐந்தாம் தந்தியும். நான்காவது நிற்கும். முதல் பெடலை மிதித்தால் ஐந்தாவது ஏறும். இவ்வளவுதான் ரகசியம். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு அறுபத்தெட்டு வயது ஆனது.

காலேஜில் முப்பது வருஷம் ஆங்கிலக் கவிதை நடத்தினேன். ரிட்டயர் ஆனபிறகு உடன் வேலை பார்த்தவர்கள் எருசலேம் போனார்கள், அமெரிக்காவில் பேரன் பேத்தி பார்க்கப் போனார்கள். எனக்குப் பேரன் பேத்தி கிடையாது, கல்யாணமே கிடையாது. நான் பெங்களூரில் ஒரு சர்ச்சின் பழைய சாமான் அறையிலிருந்து இதை வாங்கிக்கொண்டு வந்தேன். எப்போதோ வந்த வெளிநாட்டுப் பாதிரியார் விட்டுப்போனது. ராடுகளையெல்லாம் கழற்றி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார்கள். "எல்லாம் இருக்கிறது மேடம்" என்றார் சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் கோவில்பிள்ளை. எல்லாம் இருந்தது. எதுவும் எதிலும் மாட்டியிருக்கவில்லை.

ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த மாதம். ஒரு நாள் காலை, கையில் கிடைத்த ராடை எதிலோ மாட்டி, பெடலை மிதித்து, மீட்டிப் பார்த்தேன். கேட்டில் ஒரு குரல்.

"மிஸ்! யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லீங்களா?"

ஆப்ரி ரொசாரியோ. அடுத்த தெரு. ஆங்கிலோ இந்தியர், ரயில் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. அவர் வீட்டில் பேசுவது இங்கிலீஷ், தெருவில் பேசுவது அச்சு அசல் கோயமுத்தூர்த் தமிழ். இன்ஸ்டிட்யூட் பேண்டில் பேஸ் கிட்டார் வாசித்தவர் என்று எனக்குத் தெரியும். அதனால் உள்ளே கூப்பிட்டு, என் சின்ன வயதுச் சத்தத்தைச் சொல்லி, அந்தக் காலத்தில் அங்கே இதை வாசித்தது யார் என்று கேட்டேன்.

அவர் சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்று விழுந்தது. "இங்க யாருங் மிஸ் பெடல் வாசிச்சா? நாங்க யாரும் கண்ணால பார்த்ததில்ல. பேண்டு ரெஸ்ட் எடுக்கறப்ப கிராமபோன் போடுவோம். நீங்க கேட்டது ரெக்கார்டுங்."

பாருங்கள், ஐம்பது வருஷத்துக்கு மேல் நான் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வாத்தியக்காரனைக் கற்பனை செய்து வைத்திருந்தேன். மெலிந்த விரல்கள், சோகமான நெற்றி, எல்லாம் கொடுத்திருந்தேன். அது ஓர் ஊசி.

அவர் திரும்பிப் போகாமல் குனிந்து அடியைப் பார்த்தார். "இதுக்கு ஆலன் கீ, அந்த ஆறு மூலைச் சாவி வேணும். என்கிட்ட இருக்கு. நாளைக்குக் கொண்டாரட்டுங்களா?" என்றார். கொண்டுவாருங்கள் என்றேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது. அது சமமாக இருந்தது. நான் இணையத்தில் ஒரு படம் பார்த்து எடுத்து வைத்திருந்தேன். அதன்படி, கிட்டாரைச் சாப்பாட்டு மேசைமேல் கவிழ்த்துப் போட்டு, கால்கள் மேலே நீட்டிக்கொண்டிருக்க, கிடா வெட்டினவர்கள் மாதிரி இரண்டு பக்கமும் நின்றுகொண்டு ராடு ராடாக மாட்டினோம். ஒரு வாரம் ஆயிற்று. நிமிர்த்தி வைத்து முதல் பெடலை மிதித்தால் மூன்றாவது பெடலின் வேலை நடந்தது. கவிழ்த்தால் இடது வலதாகும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அடுத்தவருக்கு அது தெரிந்திருக்கும் என்ற மரியாதையில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

"நீங்க படிச்சவங்கன்னு நான் சும்மா இருந்தனுங் மிஸ்."

"நீங்கள் எஞ்சின் ஓட்டினவர் என்று நான் சும்மா இருந்தேன், மிஸ்டர் ரொசாரியோ."

எல்லாவற்றையும் கழற்றினோம். இந்தத் தடவை கவிழ்க்க வேண்டாம், அது நிற்கிறபடியே நிற்கட்டும், நாம் கீழே போய்ப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். பாய் விரித்து, தலையணை போட்டு, எழுபதைத் தொடப்போகிற ஒரு வாத்தியாரம்மாவும் எழுபத்தைந்தைத் தாண்டின ஒரு டிரைவரும் கிட்டாருக்கு அடியில் தலையை நுழைத்து மல்லாந்து படுத்துக்கொண்டு, டார்ச் அடித்து ராடு எண்ணிக்கொண்டிருந்தோம். துளசிமணி டீயோடு வந்து நின்றாள்.

"டீயைப் படுத்துட்டே குடிக்கறீங்களா, இல்ல ஸ்ட்ரா போட்டுத் தரட்டுங்களா?"

அவர் சிரிக்க, நான் சிரிக்க, எழுந்திருக்க முடியவில்லை. முதுகு பிடித்துக்கொண்டது. அவள்தான் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துத் தூக்கினாள். அந்த வயதில் அப்படிச் சிரித்ததற்கு இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

புரட்டாசி கடைசியில் அமைப்பு முடிந்தது. மூன்று பெடல்களும் சரி, லிவர்களும் சரி. முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஐந்தாம் தந்தி நிற்கவில்லை.

ராடின் முனையில் ஒரு சின்ன நட்டு இருக்கும் தம்பி. அதை ஆலன் கீயால் அரைச் சுற்று திருகினால் ஏற்றம் கூடும், குறையும். அவர் வருவார், திருகுவோம், ஐந்தாம் தந்தி போய் நிற்க வேண்டிய இடத்தில் போய் நிற்கும். அவர் டீ குடிப்பார். எனக்கு ஒரு துணுக்கைப் பாடிக் காட்டுவார், நான் அதைத் தந்தியில் தேடுவேன். நல்ல குரல், கொஞ்சம் உடைந்த குரல். கிளம்புகிற நேரத்தில் மறக்காமல் ஒருதரம் குனிந்து சாவியைப் போட்டுச் சரிபார்த்துவிட்டுத்தான் போவார். அவ்வளவு பொறுப்பான மனிதர். மறுநாள் காலையில் நான் உட்கார்ந்து பெடலை மிதித்தால், தந்தி பாதி வழியிலேயே நின்றுவிடும். நட்டு தளர்ந்திருக்கும்.

போன் பண்ணுவேன். "மிஸ்டர் ரொசாரியோ, மறுபடியும்."

"ஓ, அப்படீங்களா? வர்றனுங் மிஸ்." குரலில் ஒரு சலிப்பு இருக்காது. பத்து நிமிஷத்தில் சவரம் செய்து, சட்டையை மடித்து உள்ளே விட்டு, கேட்டில் நிற்பார்.

என்னை லேசாக ஏமாற்றிவிட முடியும் என்று நினைக்காதீர்கள். ஒரு கவிதையில் சொல்லாமல் விடப்பட்டது எது என்று கண்டுபிடிக்க முப்பது வருஷம் பெண்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். இதையும் முறையாக ஆராய்ந்தேன். முதலில் ரயில் அதிர்வு என்று நினைத்தேன். ஆனால் அவர் ஒரு தடவை ஒரு வாரம் வேளாங்கண்ணி போயிருந்தார். அந்த வாரம் பூராவும் நட்டு அசையவில்லை. ரயில்களோ ஓடிக்கொண்டுதான் இருந்தன. சரி, ரயில் இல்லை, ஈரப்பதம் என்று முடிவு செய்தேன். அந்த வாரம் மழை இல்லாமல் இருந்திருக்க வேண்டும். துளசிமணி மழை பெய்தது என்றாள். அவளுக்கு இந்த மாதிரி விஷயங்களில் ஞாபகம் போதாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சர்ச்சுக்குப் போய்விட்டு நேராக ஒரு நண்பர் வீட்டுக்குப் போவார், இங்கே வரமாட்டார். சனிக்கிழமை இறுக்கிய நட்டு திங்கள்கிழமை காலை வரை நன்றாகவே இருக்கும். ஓய்வுநாளை இரும்பும் ஆசரிக்கிறது என்று அவரிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அவர் டீக் கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துளசிமணி ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "ஏனுங்கம்மா, அந்த நட்டு அவர் போனப்பறந்தானுங்களே கழலுது?" என்றாள்.

"ஆமாம். அவர் கை பலமான கை. எஞ்சின் பிடித்த கை. கடைசியில் சரிபார்க்கும்போது கொஞ்சம் அதிகமாக அழுத்திவிடுகிறார் போல. மரை தேய்கிறது" என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் வெங்காயத்தைப் பார்த்தாள். "நீங்க எப்படித்தான் காலேஜ்ல நடத்துனீங்களோ" என்றாள். நன்றாகத்தான் நடத்தினேன்.

அவர் மகள் செரில் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறாள். ஒரு நாள் அவர் கிட்டாருக்கு அடியில் இருந்தபோது போன் வந்தது. கையில் எண்ணெய். ஸ்பீக்கரில் போடச் சொன்னார். போட்டேன்.

விசா வந்து எவ்வளவு நாள் ஆயிற்று டாடி, அறை தயாராக இருக்கிறது, குழந்தைகள் கேட்கிறார்கள், எப்போது வருகிறீர்கள் என்று அவள் இங்கிலீஷில் கேட்டாள். அவரும் இங்கிலீஷில் சொன்னார்: இங்கே ஒரு வேலை பாதியில் இருக்கிறது மகளே, மிஸ்ஸை நடுவில் விட்டுவிட்டு வர முடியாது, இந்த நட்டு ஒன்று நிற்கமாட்டேன் என்கிறது. அவள் "டாடி, ஒரு நட்டா?" என்றாள். அவர், "பொல்லாத நட்டு" என்றார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள். எனக்குக் குற்ற உணர்ச்சி சீக்கிரம் வரும், மிஷன் ஸ்கூலில் படித்தவள். ஒரு தகப்பனை அவர் மகளிடமிருந்து, பேரக்குழந்தைகளிடமிருந்து, என்னுடைய பைத்தியக்காரத்தனம் பிடித்து வைத்திருக்கிறது. போன் வைத்ததும் சொன்னேன்: "நீங்கள் போங்கள் மிஸ்டர் ரொசாரியோ. எனக்காகத் தங்க வேண்டாம்."

அவர் அடியிலிருந்து தலையை வெளியே எடுக்காமலே, "பெர்த்துல உக்காந்து நான் என்ன பண்ணட்டுங் மிஸ்? இங்கயாச்சும் ஒரு ஆளுக்கு நான் வேணும்" என்றார்.

"எனக்கா? நான் வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்வேன்" என்றேன். அவர் மனம் லேசாகட்டும் என்றுதான்.

அடியில் சாவி இரண்டு சுற்றுத் திரும்புகிற சத்தம் கேட்டது. பிறகு, "கத்துக்குவீங்க. நீங்க கெட்டிக்காரி" என்றார்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இந்த நட்டுக்கு ஒரு வழி செய்து, அந்த மனிதரை விடுவிக்க வேண்டும். அவரிடம் சொல்லவில்லை, ஆச்சரியமாக இருக்கட்டும் என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராடைக் கழற்றி வைத்தேன், சொந்தமாக ஓர் ஆலன் கீ வாங்கித் தனியாகவே கழற்றினேன். மறுநாள் அவரிடம் தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு, காட்டன் புடவை கட்டிக்கொண்டு பஸ் ஏறி, சித்தாபுதூரில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். மோட்டார் பம்ப் பாகங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு அந்தக் குச்சியைக் காட்டினேன். பட்டறைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மரை நல்லாத்தானுங்கம்மா இருக்குது. தானாக் கழலாதுங்களே" என்றார். "கழல்கிறது, எனக்குத் தெரியாதா?" என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, ஒரு நட்டுக்கு முதுகில் இன்னொரு நட்டு கொடுத்து இறுக்கினார். இனி யானை மிதித்தாலும் அசையாது என்றார். கையோடு எல்லா ராடுகளுக்கும் வாங்கிக்கொண்டு வந்தேன். இரண்டு நாள் மல்லாந்து படுத்து நானே மாட்டினேன். முதுகைப் பற்றிக் கேட்காதீர்கள். துளசிமணி உதவிக்கு வரவில்லை. "எனக்கு இதுல இஷ்டமில்லீங்" என்றாள். இரும்பு வேலை அவளுக்குப் பிடிக்காது போலிருக்கிறது.

புதன்கிழமை அவர் வந்தார். தலைவலி எப்படி இருக்கிறது என்று ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். உட்காருங்கள் என்றேன். விரலுறைகளை மாட்டிக்கொண்டேன். உருளையை வைத்தேன். நான்காம் தந்தியையும் ஐந்தாம் தந்தியையும் சேர்த்து மீட்டிப் பெடலை மிதித்தேன்.

வந்தது தம்பி. அந்தச் சத்தம். என் வாழ்க்கையில் முதல்தரம் என் கையிலிருந்து வந்தது. ஒன்று நின்றது, ஒன்று ஏறியது, ஏறி நிற்க வேண்டிய இடத்தில் கல்லில் அடித்த ஆணி மாதிரி நின்றது.

"கரெக்டா இருக்குங் மிஸ்" என்றார். வாழைப்பழத்தைக் கீழே வைக்கவில்லை.

"இரட்டை நட்டு. இனி தளரவே தளராது" என்றேன்.

குனிந்து பார்த்தார். சாவியை எடுத்து நட்டின்மேல் வைத்தார். திருப்பவில்லை. "மூணாவது பெடலுக்கு?"

"போட்டாயிற்று."

"முழங்கால் லிவர்?"

"எல்லாவற்றுக்கும்."

"அப்ப நான் வர வேண்டியதில்ல."

"வரவே வேண்டியதில்லை!" என்றேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் என்று நினைக்கிறீர்கள். பரிசு கொடுக்கிற மாதிரி சொன்னேன். "செரிலுக்கு இன்றைக்கே போன் பண்ணுங்கள். டிக்கெட் போடச் சொல்லுங்கள்."

அவர் டீ முழுவதையும் குடித்தார். எழுந்தார். ஆலன் கீயை மேசைமேல் வைத்து, "இது உங்ககிட்ட இருக்கட்டுங்" என்றார். என்னிடம்தான் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, எனக்கு எதற்கு இரண்டாவது? அவர் பொருள் அவரிடம் இருப்பதுதானே முறை. கேட் வரைக்கும் ஓடிப்போய் அவர் சட்டைப் பையிலேயே போட்டுவிட்டு வந்தேன்.

துளசிமணி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பாத்திரங்களோடு மட்டும் பேசினாள், அதுவும் உரக்க.

இப்போது என் வருத்தத்தைச் சொல்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு இன்ஸ்டிட்யூட்டில் பழைய ஆட்களுக்கு ஒரு டீ வைப்பார்கள். அதில் அவர் ஒரு பாட்டுப் பாடுவது, அவர் மூச்சு வாங்குகிற இடத்தில் நான் அந்தத் துணுக்கை வாசிப்பது என்று ஐப்பசியிலேயே பேசி வைத்திருந்தோம். அவர் டிசம்பர் பிறந்ததுமே விமானம் ஏறிவிட்டார். நான்தான் போகச் சொன்னேன், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக மூன்று வாரம் பொறுக்கக்கூடாதா? அவ்வளவு நாள் உழைத்த மனிதர், வேலை முடிந்ததும் ஒருநாள்கூடத் தங்கவில்லை. ஆண்கள் அப்படித்தான். வேலைதான் பிடிக்கிறது, பலன் பிடிப்பதில்லை.

நான் போனேன். பெரிய வாத்தியத்தைக் கால் டாக்ஸியில் ஏற்றி, இறக்கி, அத்தனை பேர் முன்னால் உட்கார்ந்தேன். அவருக்குப் பதிலாக வேறொருவர் பாடினார். மூச்சே வாங்காமல் பாடினார், எனக்கு இடமே கிடைக்கவில்லை. பாட்டு முடிந்து கைதட்டலும் ஓய்ந்தபிறகு என் துணுக்கைத் தனியாக வாசித்தேன். தலைவர் எழுந்து, மைக் டெஸ்டிங் முடிந்ததா, நிகழ்ச்சியைத் தொடரலாமா என்று கேட்டார். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

அதனால் நீங்கள் பயப்பட வேண்டாம் தம்பி. சத்தம் இருக்காது. அமைப்பு இன்றைக்கும் பிரமாதமாக இருக்கிறது, ஒரு மயிரிழை நகரவில்லை. நான்தான் உட்காருவதில்லை. எல்லாம் சரியாக இருக்கும்போது உட்கார்ந்து என்ன செய்வது என்று தோன்றிவிடுகிறது. தூசு தட்டுவதோடு சரி.

இதோ உங்கள் வீட்டம்மா வந்துவிட்டார்கள். பிடித்திருக்கிறதாம்மா? அந்தப் பின் ஜன்னலில் நல்ல காற்று வரும். என்ன தம்பி, அவரா? ரொசாரியோவா? ஊரைவிட்டுப் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஜூலையில், அங்கே அப்போது குளிர்காலமாம், நிமோனியா வந்து பெர்த்தில் இறந்துவிட்டார்.